வெடிமருந்தை அப்புறம் அள்ளலாம், முதலில் புரியைப் பாருங்கள்

கேள்வி: கொலராடோவில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறோம், குடியுரிமையும் வந்துவிட்டது. செப்டம்பரில் எல்க் மான் வேட்டைக்கு, குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கென்றே தனி சீசன் உண்டு. அதற்காகப் பழைய .54 காலிபர் (குழலின் உள்விட்டம், அங்குலத்தில்) ஹாக்கன் மாடல் துப்பாக்கி ஒன்றை விலை பேசியிருக்கிறேன். கடைக்காரர், "பெரிய காலிபர், 120 கிரெயின் போடுங்கள், எதுவானாலும் விழும்" என்கிறார் (கிரெயின் என்பது மருந்துக்கும் குண்டுக்கும் சொல்லும் சின்ன எடை அளவு). பிளாஸ்டிக் உறை போட்ட குண்டு ஒரு பெட்டியும், மாத்திரை வடிவில் வரும் வெடிமருந்தும் தலையில் கட்டப் பார்க்கிறார். எதை வாங்குவது, எவ்வளவு போடுவது?

பதில்: அந்தப் பெட்டியையும் மாத்திரையையும் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கொலராடோவில் அந்த சீசனுக்கு உறைக் குண்டும் ஆகாது, மாத்திரை மருந்தும் ஆகாது. எல்க்குக்குக் குறைந்தது .50 காலிபர் வேண்டும், அது உங்களுக்கு இருக்கிறது. ஆனாலும் கிளம்புமுன் அந்த வருஷத்து விதிப் புத்தகத்தை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை. கெட்டிக்கும் கம்பியை வாய்வழியாக அடிவரை விடுங்கள். வாயோடு ஒட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, கம்பியை உருவிக் குழலின் வெளிப்பக்கமாக வைத்துப் பாருங்கள். கம்பியின் நுனி, மருந்தைப் பற்றவைக்கும் கேப் மாட்டும் முலைக்குக் கிட்டத்தட்ட நேராக வர வேண்டும். இரண்டு மூன்று அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. தாத்தா கெட்டித்து வைத்து, பேரன் விற்க வந்த துப்பாக்கியாகவும் இருக்கலாம். இந்தத் துப்பாக்கிக்குப் போடும் பழைய ரக வெடிமருந்தான கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் எத்தனை வருஷம் கழித்தும் வெடிக்கும். கடைக்காரர் சிரித்தாலும் பரவாயில்லை, இதைச் செய்யாமல் வாங்காதீர்கள்.

அடுத்தது புரி. நம் ஊர் நாட்டுத் துப்பாக்கியில் உள்குழல் வழவழவென்றிருக்கும், பால்ரஸைப் போட்டுச் சிதறடிப்பார்கள். இதில் அப்படியில்லை. குழலுக்குள் சுற்றி ஓடும் பள்ளங்கள்தான் புரி, அவை குண்டைச் சுழற்றிவிடும். எத்தனை அங்குலத்தில் ஒரு முழுச் சுற்று என்பதுதான் எந்தக் குண்டு வாங்கலாம் என்பதையே தீர்மானிக்கிறது. 60 முதல் 72 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் அது உருண்டைக் குண்டுக்கான குழல். 28, 32 என்றால் நீளக் குண்டுக்கு. 48 என்பது இரண்டுக்கும் நடுவில் சமாதானம் பேசும் ரகம். லைமன் கம்பெனியின் கிரேட் பிளெயின்ஸ் ரைஃபிளில் 60, பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் அதன் 'ஹண்டர்' வகையில் 32. பெயரை மட்டும் நம்பி வாங்கினால் கோட்டை விடுவோம்.

குழலில் பொறிக்கவில்லையென்றால் அளந்துவிடலாம். கைப்பிடியோடு சேராமல் தானாகச் சுழலும் சுத்தம் செய்யும் கம்பியில் இறுக்கமாகத் துணி சுற்றி உள்ளே தள்ளுங்கள். 15 அங்குலம் போவதற்குள் கம்பி கால் சுற்றுத் திரும்பினால், கணக்கு 60.

உங்களுடையது 60 என்றே வைத்துக்கொள்வோம். .530 அங்குல உருண்டை, அதைச் சுற்றி உள்ளே இறக்க .015 அங்குலக் கனத்தில் பருத்தித் துணி, துணிக்கு மசகு. உருண்டையைச் சுத்தமான ஈயமாகப் பார்த்து வாங்குங்கள், நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும். உருண்டை சின்னது, நீளக் குண்டுதான் பலம் என்று கடையில் சொல்வார்கள். உருண்டையின் எடை விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். .490 உருண்டை சுமார் 177 கிரெயின், .570 உருண்டை 279. விட்டம் ஆறில் ஒரு பங்கு கூடியதற்கே எடை ஒன்றரை மடங்கைத் தாண்டிவிட்டது. உங்கள் .530 சுமார் 224 கிரெயின். பக்கத்தில் போய்ச் சுடும் வேட்டைக்கு அது போதும். உருண்டை காற்றில் சீக்கிரம் வேகமிழக்கும், அதனால் தூரத்து ஆசையை விட்டுவிடுங்கள். .54-க்கான நீளக் குண்டோ 400 கிரெயினுக்கு மேல் போகும், தோளைப் பதம் பார்க்கும்.

மருந்துக்கு வருவோம். இந்தக் காலிபருக்கு 2எஃப் ரகக் கருமருந்து (2எஃப் என்பது துகளின் அளவைக் குறிக்கும்). அளப்பது கொள்ளளவில், கிரெயின் கோடு போட்ட அளவையில், படியில் அரிசி அளப்பதுபோல் தலை தட்டி. 60 கிரெயினில் தொடங்குங்கள். ஒரே அளவில் மூன்று குண்டு சுட்டு, துளைகள் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்று பாருங்கள். பிறகு ஐந்து ஐந்தாகக் கூட்டுங்கள். எங்கேயோ ஓரிடத்தில் மூன்றும் சேர்ந்து விழும், அதுதான் உங்கள் துப்பாக்கியின் அளவு. அதற்கு மேல் ஏற்றினால் புகையும் உதையும் கூடும், துளைகள் விலக ஆரம்பிக்கும். தயாரித்தவர் கையேட்டில் போட்டிருக்கும் உச்சவரம்பைத் தாண்டவே கூடாது. கையேடு தொலைந்திருந்தால் கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள், கடைக்காரரின் 120-ஐ வேதவாக்காக எடுக்காதீர்கள்.

சுட்டபின் சில தப்படி முன்னால் போய்த் துணியைப் பொறுக்கிப் பாருங்கள். ஓரம் பிசிறி, நடுவில் கருப்பு வட்டத்தோடு முழுசாகக் கிடந்தால் எல்லாம் சரி. நடுவில் எரிந்து ஓட்டை விழுந்திருந்தால் மருந்து அதிகம், அல்லது துணி மெல்லிசு, மசகு போதவில்லை. புரியின் வரிகளிலேயே கிழிந்திருந்தால் குழலின் விளிம்பு கூராக இருக்கிறது.

கருமருந்து கிடைக்காமல் அதற்கு மாற்றான பைரோடெக்ஸ் வாங்கினால் அதே அளவையால் அதே கோடு வரை அளக்கலாம். எடைத் தராசில் வைக்காதீர்கள், அது லேசானது. இன்னொரு மாற்றான ட்ரிபிள் செவனுக்கு வீரியம் அதிகம், கொள்ளளவிலேயே 15 சதவீதம் குறைக்க வேண்டும். இந்தக் காலத் தோட்டாக்களில் போடும் புகையில்லா மருந்தை மட்டும் தொடவே தொடாதீர்கள். ஒரு சிட்டிகை தானே என்று கலந்தாலும் குழல் கையிலேயே கிழியும்.

கேள்வி: மூன்றாவது, நாலாவது குண்டு பாதியிலேயே சிக்கிக்கொள்கிறது. அப்படியே சுட்டுவிடலாமா?

பதில்: கூடாது. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் குழல் வீங்கும், வெடிக்கவும் செய்யும். குண்டு மருந்தின் மேல் உட்கார்ந்த இடத்தில் கம்பியில் ஒரு நிரந்தரக் கோடு போட்டு வையுங்கள், ஒவ்வொரு தடவையும் அந்தக் கோடு வாய்க்கு வந்தாக வேண்டும். சிக்குவதற்குக் காரணம் கசடு. ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு ஈரத்துணி ஒன்று, காய்ந்த துணி ஒன்று விட்டு எடுங்கள். மருந்தை டப்பாவிலிருந்தோ மருந்து வைக்கும் கொம்பிலிருந்தோ நேராகக் குழலில் கொட்ட வேண்டாம். உள்ளே ஒரு கங்கு மிச்சமிருந்தால் கையிலிருக்கும் மொத்தமும் பற்றும். அளவையில் எடுத்துத்தான் ஊற்ற வேண்டும்.

கேள்வி: ஒரு பவுண்டு டப்பா எத்தனை தடவைக்கு வரும்?

பதில்: பவுண்டுக்கு 7000 கிரெயின். 80 கிரெயின் வீதம் போட்டால் 87 வெடி. புது அளவைக் கண்டுபிடிக்கவே பாதி போய்விடும், அதனால் ஒரே ரகத்தில் இரண்டு டப்பாவாக வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மீந்த மருந்தை ஊருக்கு எடுத்து வந்து அப்பாவிடம் காட்டலாமா?

பதில்: விமானத்தில் கருமருந்துக்கு இடமே இல்லை, பதிவுப் பெட்டியிலும்கூட. துப்பாக்கிக்கும் இந்தியாவில் உரிமம் வேண்டும். அப்பாவுக்குப் போட்டோ அனுப்புங்கள். சுட்ட அன்றைக்கே மறக்காமல் குழலை சோப்புத் தண்ணீரும் வெந்நீரும் விட்டுக் கழுவி, துடைத்து எண்ணெய் போடுங்கள். கருமருந்துக் கசடு ஈரத்தை இழுக்கும், நாளைக்கென்று தள்ளிப்போட்டால் உள்ளே துரு ஏறியிருக்கும்.