ஹார்ஸ்ராடிஷ்: காசு கொடுப்பது நெடிக்குத்தான்

கே: பக்கத்து வீட்டு யூதக் குடும்பம் பெசாக் (பாஸ்கா பண்டிகை) விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறது. ஹார்ஸ்ராடிஷ் என்ற கார வேரை நானே அரைத்துக் கொண்டுபோக ஆசை. ஒத்திகைக்கு அரைத்தேன், வெறும் முள்ளங்கி மாதிரி இருக்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (நியூ ஜெர்சி)

ப: கடைக்காரரைத் திட்டும் முன், வினிகரை எப்போது ஊற்றினீர்கள் என்று சொல்லுங்கள். கடிதத்தில் அது இல்லை. முழு வேரை முகர்ந்தால் ஒன்றும் தெரியாது. துருவும்போதுதான் அதிலுள்ள சினிக்ரின் என்ற வேதிப்பொருளும் ஒரு நொதியும் கலந்து, கடுகு அரைக்கும்போது மூக்கில் ஏறுகிறதே, அதே நெடியை உண்டாக்குகின்றன. வினிகர் பட்டதும் அந்த வேலை நின்றுவிடும். எடுத்தவுடன் வினிகரைச் சேர்த்தால் நெடி பிறக்கும் முன்பே முடிந்தது.

எட்டு அங்குல வேரைத் தோல் சீவி, சிறு துண்டுகளாக நறுக்கி, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு மிக்ஸியில் அரையுங்கள். மூடியோடு மூன்று நிமிடம் விடுங்கள். அப்புறம் ஒரு மேசைக்கரண்டி வினிகர், ஒரு சிட்டிகை உப்பு. ஜன்னலைத் திறந்து வையுங்கள். மூடியைத் திறக்கும்போது முகத்தை அதன் மேல் கொண்டுபோகாதீர்கள். கண்ணும் மூக்கும் எரிந்துவிடும்.

இன்னொன்று. வெள்ளை வினிகர் பெரும்பாலும் தானியத்திலிருந்து வருவது. பெசாக் நாட்களில் புளித்த தானியம் கூடாது என்பதால், அந்த முறைகளைக் கடைப்பிடிக்கும் வீட்டில் ஆகாது. வேரை முழுசாகவே கொண்டுபோய்க் கொடுங்கள். அவர்கள் வீட்டிலேயே துருவிக்கொள்ளலாம்.

கே: ஜப்பானிய சுஷியோடு தொட்டுக்கொள்ளும் பச்சை வசாபி, டியூபில் வருவது நிஜமாகவே வசாபியா? (சிகாகோ)

ப: டியூபைத் திருப்பிப் படியுங்கள். பெரும்பாலும் ஹார்ஸ்ராடிஷ், கடுகு, பச்சைச் சாயம்.

கே: மலிவாகக் கிடைத்ததென்று பெரிய ஹார்ஸ்ராடிஷ் புட்டி வாங்கினேன். இனிப்பாக, மயோனைஸ் மாதிரி இருக்கிறது. புகார் கொடுக்கலாமா? (டாலஸ்)

ப: எதன் மேல் புகார்? முன்பக்கத்தில் ‘சாஸ்’ என்று அச்சிட்டிருக்குமே, பார்க்கவில்லையா? வேரும் வினிகரும் உப்பும் மட்டும் சேர்ந்தது ‘பிரிபேர்டு’ ஹார்ஸ்ராடிஷ். அதைப் பெரும்பாலும் குளிர்பெட்டியில் வைத்திருப்பார்கள். சாஸ் வேறு. அமெரிக்காவில் சேர்மானப் பட்டியலை எடை வரிசைப்படி அச்சிட வேண்டும் என்பது சட்டம். முதலில் சோயா எண்ணெய் இருந்தால் நீங்கள் எண்ணெய்க்குத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள்.

இந்தப் பொருளில் கலப்படம் பழைய கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் டர்னிப்பைத் துருவிக் கலந்து, நிறமுள்ள புட்டியில் அடைத்து விற்றார்கள். 1869இல் பென்சில்வேனியாவில் தொழில் தொடங்கிய ஹென்றி ஹைன்ஸ் (கெட்சப் புட்டியில் இருக்கும் அதே பெயர்தான்), உள்ளே இருப்பது தெரியட்டும் என்று தன் முதல் சரக்கான ஹார்ஸ்ராடிஷைத் தெளிந்த கண்ணாடிப் புட்டியில் விற்றார். வாங்குகிறவர் கண்ணால் பார்த்து வாங்க வேண்டும் என்ற அந்த எண்ணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இன்று கண்ணாடி இருக்கிறது, பட்டியலும் இருக்கிறது. இவ்வளவு இருந்தும் ஒரு வரி படிக்காமல் வாங்கினால் எனக்குக் கோபம் வருகிறது.

கே: பிளாஸ்டிக்கில் சுற்றிய வேர் வாங்கினேன். வீட்டில் வெட்டினால் உள்ளே மெத்தென்று, ஓரமெல்லாம் பச்சை. திருப்பித் தரமாட்டோம் என்கிறார்கள். (டொராண்டோ)

ப: உங்கள் மேல் தப்பே இல்லை அம்மா. வெளியே மண் ஒட்டிய தோல். உள்ளே இருப்பதை எப்படிப் பார்ப்பது? இப்படிச் சுற்றிய ஒன்றை நானும் வாங்கி, நடுவில் நெட்டி போல உலர்ந்திருந்ததைக் குப்பையில் போட்டிருக்கிறேன். வெட்டிய வேரையும் பில்லையும் எடுத்துக்கொண்டு இன்றே போங்கள். கல்லாவில் இருப்பவரிடம் வாதாடாமல் மேலாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள். அடுத்த முறை சுற்றாத வேராகப் பார்த்து, இரண்டு கையால் வளைத்துப் பாருங்கள். வளைந்தால் வேண்டாம். வெட்டிய முனை வெள்ளையாக, ஈரமாக இருக்க வேண்டும்.

கே: முருங்கை வேரையும் இப்படி அரைக்கலாமாமே? (சிங்கப்பூர்)

ப: இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்கள் அப்படித்தான் சமாளித்தார்கள். நீங்கள் செய்யாதீர்கள். அந்த வேர்ப்பட்டையில் நஞ்சுள்ள ஆல்கலாய்டுகள் உண்டு.

கே: போன தீபாவளிக்கு அரைத்தது ஃபிரிட்ஜில் பழுப்பாகிவிட்டது. சாப்பிடலாமா? (சியாட்டில்)

ப: கொட்டிவிடுங்கள். நாலைந்து வாரத்துக்குள் தீர்கிற அளவுக்கு மட்டும் அரையுங்கள்.