மகன் பாக்கெட்டில் கஞ்சா: அடிப்பதா, பேசுவதா?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். லீவுக்கு வந்தவனின் பேன்ட்டைத் துவைக்க எடுத்தபோது ஒரு சின்னக் கஞ்சாப் பொட்டலமும் சுருட்டும் தாளும் இருந்தன. கேட்டால், "இது மூலிகைம்மா. சாமியாருங்க காலங்காலமா குடிக்கிறாங்க. கனடாவுல கடையிலேயே விக்கிறாங்க" என்கிறான். அவனுடைய பெரியப்பா பல வருடமாக மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். அதுதான் எனக்குப் பயம். கணவரோ நாலு அறை விட்டால் சரியாகிவிடும் என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: அம்மா, முதலில் பையன் சொல்வதில் எது உண்மையோ அதை ஒத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அப்புறம் நீங்கள் சொல்லும் எதுவும் அவன் காதில் ஏறாது. சித்த மருத்துவத்தில் சிவமூலி என்ற பெயரில் கஞ்சா இருந்தது நிஜம். வெள்ளைக்காரர்கள் அதற்கு வரி போட்டு, லைசென்ஸ் கடைகளில் விற்கவிட்டார்கள். 1893-94இல் அவர்கள் அமைத்த விசாரணைக் குழுவே, மிதமாகப் பயன்படுத்தினால் பெரிய தீங்கில்லை, அளவு மீறினால் கெடுதல் என்றுதான் எழுதியது. நாடு முழுவதற்குமான தடை 1985இல் வந்த சட்டத்தால்தான்.

ஆனால் அந்தக் காலத்துச் சரக்கு வேறு. கஞ்சாவில் போதை தருவது டிஎச்சி என்ற பொருள். அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவில் 1995இல் அது சராசரியாக 4 சதவீதம். 2014இல் 12 சதவீதத்தை எட்டிவிட்டது. கனடாவில் 2018 முதல் கடையில் கிடைக்கிறது, சரி. அங்கே பாக்கெட்டின் மேல் டிஎச்சி எவ்வளவு என்று அச்சிட்டிருக்கும். கியூபெக் மாகாணத்தில் 21 வயது ஆகாதவனுக்கு விற்கவே மாட்டார்கள். உங்கள் பையனின் பொட்டலத்தில் என்ன எழுதியிருந்தது?

நம் மூளையே கஞ்சாவைப் போன்ற ஒரு பொருளைத் துளித்துளியாகச் சுரக்கிறது. 1992இல் அதைக் கண்டுபிடித்தவர்கள், ஆனந்தம் என்ற சொல்லை வைத்தே அனந்தமைடு என்று பெயரிட்டார்கள். ஞாபகம், பயம், பசி எல்லாவற்றையும் சீராக வைப்பதில் அதற்குப் பங்குண்டு. புகைத்தவுடன், மூளையில் அனந்தமைடு வேலை செய்யும் அதே இடங்களில் டிஎச்சி வெள்ளமாகப் பாய்கிறது. கண் சிவக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, பத்து நிமிடம் ஒரு மணி நேரம்போல நீள்கிறது. அந்த நிலையில் பைக்கைத் தொடவே கூடாது. மூளை முழுதாக வளர்ந்து முடிய ஏறக்குறைய 25 வயதாகும். 40 வயதுக்காரர் புகைப்பதும் 19 வயதுப் பையன் புகைப்பதும் ஒன்றல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். ஸ்வீடனில் ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட 45,000க்கும் மேற்பட்ட இளைஞர்களை 15 வருடம் கவனித்தார்கள். 18 வயதுக்குள் 50 தடவைக்கு மேல் கஞ்சா பிடித்தவர்களுக்கு, இல்லாத குரல் கேட்பது, காரணமில்லாத சந்தேகம் என்று படுத்தும் மனச்சிதைவு நோய் வந்தது, தொடாதவர்களைவிட ஆறு மடங்கு அதிகம். 1987இல் வெளிவந்த ஆய்வு அது. புகைப்பவர்களில் பெரும்பாலானோருக்கு இந்த நோய் வருவதில்லை. பெரியப்பாவுக்கு இருப்பதால் இவனுக்கும் வந்தே தீரும் என்றும் இல்லை. ஆனால் ரத்த உறவில் அந்த நோய் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு "கொஞ்சமாகப் பிடித்துக்கொள்" என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

இதே வயதில் ஒரு பையன் என்னிடம் வந்தான். முதலில் போன் கேமராவில் பிளாஸ்திரி ஒட்டினான். ஜாக்கிரதையான பிள்ளை என்று அம்மா நினைத்தார். பிறகு அவர் போட்ட சோற்றைத் தொடவில்லை. தானே பிரித்த பிஸ்கட் பாக்கெட் மட்டும்தான் சாப்பாடு. அப்படி ஒரு சந்தேகம், காதில் பேச்சுக் குரல், ராத்திரி முழுக்கத் தூங்காமல் நடை, இவற்றில் எது தெரிந்தாலும் மறுநாள்வரை காத்திருக்காமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

அடி வேண்டாம். அடிபட்ட பிள்ளை ஒளிக்கத்தான் கற்றுக்கொள்வான். எத்தனை நாளாக, வாரத்துக்கு எத்தனை தடவை, தனியாகவா கூட்டத்தோடா என்று குரல் உயர்த்தாமல் கேளுங்கள். பதின்வயதில் தொடங்குபவர்களில் ஆறில் ஒருவர் அடிமையாகிறார். தினமும் பிடிப்பவன் நிறுத்தினால் முதல் வாரம் எரிந்து விழுவான், தூக்கம் வராது, சாப்பாடு இறங்காது. "முன்னைவிட மோசமாகிவிட்டானே" என்று பதறாதீர்கள். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தணியும். இதற்கென்று தனி மாத்திரை கிடையாது, கவுன்சலிங்தான் சிகிச்சை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். போனிலேயே மனநல ஆலோசனை தரும் அரசுச் சேவையான டெலி மானஸ் எண் 14416, போதை மீட்பு உதவி எண் 14446; இரண்டும் இலவசம். பொட்டலத்தை வீட்டில் வைக்காதீர்கள், வைத்திருப்பதே குற்றம். அடிமையானவர் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால், சிறிய அளவு தொடர்பான வழக்கிலிருந்து பாதுகாப்புத் தர, முன்பு சொன்ன 1985ஆம் வருடச் சட்டத்திலேயே 64ஏ பிரிவு இருக்கிறது.

இன்னொன்று. பெரியப்பாவுக்கு என்ன நோய், எந்த வயதில் தொடங்கியது, முதலில் என்ன மாறியது என்று பையனுக்குத் தெரியுமா? பல வீடுகளில் "பெரியப்பாவுக்கு உடம்பு சரியில்லை" என்பதோடு முடித்துவிடுகிறோம். லீவு முடிவதற்குள் முழுசாகச் சொல்லிவிடுங்கள். உங்கள் கணவரே சொல்லட்டும். அவருடைய அண்ணன்தானே, பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர்தான்.