பனியாறு விட்டுச்சென்ற கல்லில் மண் வந்த கதை: கேள்வி பதில்

சென்ற மாதம் மண் வகைகளைப் பற்றிப் பேசும்போது, "அலாஸ்காவில் பனியாறு விலகிய வெறும் சரளையின்மேல் 200 ஆண்டுக்குள் மண்ணும் காடும் வந்துவிட்டன" என்று போகிறபோக்கில் சொல்லிவைத்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகள் இவை. நான் மண்ணியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். பனிக்கட்டியின் இயற்பியல் என் துறை அன்று; பனி விலகிய பிறகு என்ன நடக்கிறது என்பதற்குப் பொறுப்பேற்கிறேன்.

மதுரையிலிருந்து ஓர் ஆசிரியை: அது எந்த இடம் ஐயா? பனி எப்போது விலகியது என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்?

தென்கிழக்கு அலாஸ்காவில் உள்ள கிளேசியர் பே. 1794-ல் ஜார்ஜ் வான்கூவரின் குழு அந்தக் கரையை வரைபடமாக்கியபோது, இன்று வளைகுடா இருக்கும் இடத்தில் சிறிய குடைவு ஒன்றுதான் இருந்தது. மற்றதெல்லாம் பனிச்சுவர். 1879-ல் ஜான் மியூர் துடுப்புப் படகில் வந்தபோது, அந்தச் சுவர் நின்ற இடத்தைக் கடந்து வெகுதூரம் உள்ளே போக முடிந்தது. 1916 வாக்கில் பனிமுகம் வளைகுடாவின் வாயிலிருந்து சுமார் 105 கி.மீ. உள்ளே ஒதுங்கிவிட்டது. இப்படி வந்துபோனவர்களின் குறிப்புகள், வரைபடங்கள், பிறகு புகைப்படங்கள், மர வளையங்கள் எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு கரைக்கும் ஏறக்குறைய ஒரு பிறந்த தேதியைத் தந்திருக்கின்றன.

அந்த மண்ணுக்குரிய ஹூனா டிலிங்கிட் மக்களுக்கு வரைபடம் தேவைப்படவில்லை. பனியாறு முன்னேறி வந்து தங்கள் ஊர்களை விழுங்கிய கதையை அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். வளைகுடாவுக்கு அவர்கள் இட்ட பெயரின் பொருளே "பனியாறு இருந்த இடத்து வளைகுடா" என்பதுதான்.

பெயர் சொல்லாத ஒருவர்: பாறை பொடியானால் மண். இதில் ஆராய என்ன இருக்கிறது?

பொடித்த பாறை மண்ணாகிவிடாது. பனியாறு ஒரு பெரிய அரவை இயந்திரம். பாறாங்கல்லையும் சரளையையும் மாவையும் கலந்து கொட்டிவிட்டுப் போகிறது. அந்த மாவு கலந்துதான் பனியாற்று நீர் அரிசி கழுவிய தண்ணீர்போல் வெளுத்து ஓடுகிறது. அதில் மணிச்சத்தாகிய பாஸ்பரஸ் உண்டு, அபடைட் என்ற கனிமத்தின் வடிவில். சாம்பல்சத்தாகிய பொட்டாசியம் உண்டு, சுண்ணாம்பு உண்டு, மெக்னீசியம் உண்டு. தழைச்சத்தாகிய நைட்ரஜன் மட்டும் இல்லை என்றே சொல்லலாம், ஏனென்றால் அது பாறையிலிருந்து வருவதில்லை, காற்றிலிருந்து வரவேண்டும். உப்பில்லாப் பண்டம் என்பார்களே, அந்த நிலை. மக்கு கிடையாது, மண்கட்டி கிடையாது, மண்ணடுக்கு கிடையாது. மழை பெய்தால் தங்காது, அல்லது களிபோல் இறுகிவிடும்.

கடலூர்ப் பக்கத்து விவசாயி: அப்படியானால் தழைச்சத்தை யார் கொண்டுவந்தார்கள்? அங்கே உரம் போட ஆள் இல்லையே!

நெல் வயலில் நீங்கள் பார்க்கும் நீலப்பச்சைப்பாசியின் உறவினர்கள்தான் முதலில். ஈரமான சரளைமேல் கறுப்பு நிறத்தில் ஒரு மெல்லிய தோல்போல் படர்ந்து, காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துச் சேமிக்கின்றன. அடுத்து டிரையாஸ் என்ற படர்செடி பாய் விரித்ததுபோல் பரவுகிறது. அதற்குப் பிறகு ஆல்டர் என்ற புதர் வருகிறது. மனிதர் நுழைய முடியாத அடர்த்தி. அதில் புகுந்து அளவெடுத்தவர்களின் சாபங்கள் ஆய்வேடுகளில் அச்சாவதில்லை.

நீங்கள் கடலூர் என்பதால் ஒன்று சொல்கிறேன். ஆல்டர் அவரைக் குடும்பம் அன்று. அதன் வேர் முடிச்சில் இருப்பது அவரை இனங்களுக்குத் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் ரைசோபியம் என்ற பாக்டீரியாவும் அன்று; ஃபிராங்கியா என்ற வேறொரு நுண்ணுயிர். உங்கள் சவுக்குத் தோப்பில் ஒரு மரத்தின் வேரை மெல்லத் தோண்டிப் பாருங்கள். பவளக்கொத்துபோல் முடிச்சுகள் தெரியலாம். அதற்குள் இருப்பதும் ஃபிராங்கியா இனமே. கடற்கரை மணலில் சவுக்கு எதனால் பிழைக்கிறதோ, பனியாற்றுச் சரளையில் ஆல்டரும் அதனால்தான் பிழைக்கிறது. ஆண்டுதோறும் அது உதிர்க்கும் இலைகள் தழைச்சத்து மிகுந்தவை. அவை மக்கிச் சேர, ஹெக்டேருக்கு ஆண்டுக்குப் பத்துக்கணக்கான கிலோ நைட்ரஜன் நிலத்தில் ஏறுகிறது.

வேளாண் கல்லூரி மாணவி: சுண்ணாம்பு இருக்கிறது என்றீர்களே, அப்படியானால் அது காரமண்ணாக அல்லவா இருக்க வேண்டும்? ஊசியிலைக் காட்டு மண் அமிலமானது என்று படித்திருக்கிறேன்.

இரண்டும் சரி, நடுவில் 50 ஆண்டு. 1955-ல் கிராக்கர், மேஜர் என்ற இருவர் கிளேசியர் பே மண்ணின் மாதிரிகளை வயதுவாரியாக அளந்து வெளியிட்டார்கள். பிஎச் என்ற அமில-கார அளவுகோலில் 7 நடுநிலை; அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். புது நிலத்தில் அது 8 அளவில் இருந்தது. ஆல்டர் வந்தபிறகு, மேல்மண்ணில் 35 முதல் 50 ஆண்டுக்குள் 5 அளவுக்குச் சரிந்துவிட்டது. பிஎச் அளவில் மூன்று படி என்றால் அமிலத்தன்மை ஆயிரம் மடங்கு. ஆண்டுக்குச் சுமார் 1,800 மி.மீ. மழை கொட்டும் ஊர். இலைமக்கிலிருந்து வரும் அமிலத்தோடு அந்த மழை சுண்ணாம்பைக் கரைத்துக் கீழே கொண்டுபோய்விடுகிறது. செடி வராமல் மொட்டையாகவே கிடந்த இடங்களில் இந்தச் சரிவு மிக மெதுவாகத்தான் நடந்தது. இந்த ஒப்பீடுதான் எனக்குப் பிடித்த பகுதி. காலம் ஒன்று, பாறை ஒன்று, மழை ஒன்று. மேலே வளர்ந்தது மட்டும் வேறு.

ஆல்டருக்குப் பின் ஸ்புரூஸ், ஹெம்லாக் என்ற ஊசியிலை மரங்கள் மேலெழுந்து நிழலிட, பாசி தரையை மூடுகிறது. அமில நீர் இரும்பையும் அலுமினியத்தையும் மேலடுக்கிலிருந்து கழற்றிக் கீழே கொண்டுபோய் வைக்கிறது. மேலே வெளிறிய சாம்பல் நிற அடுக்கு, கீழே துருநிற அடுக்கு. உங்கள் பாடநூலில் பாட்சால் என்றிருக்கும். ரஷ்ய மொழியில் "சாம்பலுக்கு அடியில்" என்று பொருள். நாளடைவில் அந்தத் துருவடுக்கு தகடுபோல் இறுகினால் நீர் வடியாது. காடே சதுப்பாக மாறத் தொடங்கும்.

திருச்சி வாசகர்: ஓர் அங்குல மண் உருவாக 500 ஆண்டு என்று சுவரொட்டியில் பார்த்தேனே?

எந்த ஊரில், எந்தப் பாறையில், எந்த மழையில் என்று அந்தச் சுவரொட்டியைக் கேளுங்கள். கிளேசியர் பேயில் சில அங்குலம் மக்கு நூறாண்டுக்குள் சேர்ந்தது. ஆனால் பாறை சிதைந்து களிமண் ஆவது அதைவிடப் பன்மடங்கு மெதுவானது. சுவிட்சர்லாந்தின் டாம்மா பனியாற்றின் முன்நிலம், அதாவது பனி விலகித் திறந்த தரை, கருங்கல் வகைப் பாறை. அங்கே 150 ஆண்டு ஆன பின்னும் மண் மெல்லியதுதான்.

கோவையிலிருந்து ஒரு பொறியாளர்: 200 ஆண்டுகள் ஒரே இடத்தில் உட்கார்ந்து யாரும் பார்க்கவில்லை. பத்து இடங்களைப் பார்த்துவிட்டு ஒரே இடத்தின் வரலாறு என்கிறீர்கள். இது ஏமாற்று இல்லையா?

ஏமாற்று என்று சொல்லமாட்டேன், குறுக்குவழி. ஊரில் குழந்தை, இளைஞர், கிழவர் மூவரையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு "மனிதர் இப்படித்தான் முதிர்கிறார்" என்று எழுதுவதுபோல. பெரும்பாலும் சரியாக வரும். ஆனால் அந்தக் கிழவர் பஞ்சகாலத்தில் பிறந்தவர், இந்தக் குழந்தை அப்படியில்லை என்றால்?

கிளேசியர் பேயில் அதுவே நடந்திருக்கிறது. பாசி, டிரையாஸ், ஆல்டர், ஸ்புரூஸ் என்ற படிக்கட்டைத்தான் பாடநூல்கள் பல பத்தாண்டுகள் வரைந்துகாட்டின. நானும் கரும்பலகையில் வரைந்தேன். 1995-ல் கிறிஸ்டோபர் ஃபாஸ்டி பத்து இடங்களில் மர வளையங்களை எண்ணி, இன்று முதிய காடாக இருக்கும் இடங்கள் அடர்ந்த ஆல்டர் கட்டத்தைத் தாண்டி வரவே இல்லை என்று காட்டினார். 1840-க்கு முன் பனி விலகிய அந்தக் கரைகளுக்கு அருகிலேயே ஸ்புரூஸ் விதை கிடைத்தது; நேராக ஸ்புரூஸ் வந்துவிட்டது. பிற்பாடு திறந்த நிலங்கள் விதைமரங்களிலிருந்து வெகுதூரம். அங்கே ஆல்டர் முந்திக்கொண்டது. ஆகவே முதிய மண்ணில் தழைச்சத்து எவ்வளவு, இளைய மண்ணில் எவ்வளவு என்று ஒப்பிடும்போது வயதை மட்டும் ஒப்பிடவில்லை, இரண்டு வேறு வரலாறுகளை ஒப்பிடுகிறோம். அந்த ஆய்வைப் படித்த பிறகு கரும்பலகைப் படத்தை அழித்துவிட்டு அடுத்த ஆண்டு வேறு மாதிரி பாடம் எடுத்தேன்.

உட்கார்ந்து பார்க்க முயன்றவர் ஒருவரும் உண்டு. வில்லியம் கூப்பர் 1916-ல் அங்கே ஒரு மீட்டர் சதுரக் கட்டங்களை அடையாளமிட்டுச் செடிகளை எண்ணிவைத்தார். நூறு ஆண்டு கழித்து அவருடைய குறிப்புகளைக் கொண்டே அந்தக் கட்டங்களைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். அவை படிக்கட்டு ஏறவில்லை. முதலில் எந்தச் செடி தற்செயலாக இடம்பிடித்ததோ அதன் தடம் நூறாண்டுக்குப் பின்னும் இருந்தது.

திருநெல்வேலி வாசகர்: காலம் போகப்போக மண் வளமாகிக்கொண்டே போகுமா?

போகாது. இதற்கு நியூசிலாந்துக்குப் போக வேண்டும். தென்தீவின் ஃபிரான்ஸ் ஜோசஃப் பனியாறு வெவ்வேறு காலங்களில் விட்டுச்சென்ற படிவுகள் சில ஆண்டு முதல் சுமார் 1,20,000 ஆண்டு வரை வயதுடையவை, மழையோ மிகக் கடுமை. அங்கே முதலில் தழைச்சத்து ஏறுகிறது, காடு உயர்கிறது. ஆனால் மணிச்சத்து அன்றே போட்ட முதலீடு. அபடைட் கரையக் கரைய ஒரு பகுதி மழையோடு போகிறது, ஒரு பகுதி இரும்பு, அலுமினியத்தோடு ஒட்டிக்கொண்டு வேருக்கு எட்டாமல் போகிறது. புதிதாகக் கொடுக்கப் பாறையும் மிச்சமில்லை. பல்லாயிரம் ஆண்டுக்குப் பின் காடு குட்டையாகிவிடுகிறது. வாக்கர், சையர்ஸ் இருவரும் 1976-ல் இந்தப் போக்கை விதியாக எழுதினார்கள்: இளமையில் தழைச்சத்துப் பஞ்சம், முதுமையில் மணிச்சத்துப் பஞ்சம்.

நம் ஊர்ச் செம்புறை (லேட்டரைட்) நிலங்கள் பனியாற்றோடு தொடர்பற்றவை. ஆனாலும் அங்கே போட்ட மணிச்சத்து உரத்தை மண்ணே விழுங்கிவிடுகிறது என்று விவசாயிகள் புலம்புகிறார்களே, அதுவும் இதே இரும்பு, அலுமினியத்தின் வேலைதான். மறுபக்கம், அமெரிக்காவின் அயோவா போன்ற இடங்களில் மக்காச்சோளம் விளைவது பனியாறுகள் பத்துப் பதினைந்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் கொட்டிய புதுச் சரக்கில். மண்ணுக்கு அது வாலிபப் பருவம்.

சென்னையிலிருந்து ஒரு மலையேறி: கோமுகம் போயிருந்தேன். கங்கோத்ரி பனியாறு இத்தனை ஆண்டாகப் பின்வாங்கியும் அங்கே காடு எதுவும் வரவில்லையே?

உயரத்தை மறந்துவிட்டீர்கள். கோமுகம் 4,000 மீட்டரை ஒட்டியது. குளிர் அதிகம், வளரும் பருவம் சில மாதம், சரிவுகளில் கல் உருண்டுகொண்டே இருக்கிறது. அலாஸ்காவிலோ கடல்மட்டத்தில் மழைக்காடு. ஆனாலும் வழியில் போஜ்பாசாவைக் கடந்திருப்பீர்கள். போஜ் என்ற பூர்ச்ச மரத்தால் வந்த பெயர். இமயத்தில் ஆல்டரின் வேலையைப் பல இடங்களில் ஹிப்போஃபே என்ற முட்புதர் செய்கிறது. அதற்கும் வேரில் ஃபிராங்கியாதான். சீனாவின் ஹைலுவோகோ பனியாற்று முன்நிலம் கோமுகத்தைவிடத் தாழ்வானது, ஈரமானது. அங்கே ஹிப்போஃபேயில் தொடங்கி, பாப்லர் வழியாக, ஊசியிலைக் காடு வரை ஒன்றேகால் நூற்றாண்டில் வந்துவிட்டது.

பெங்களூருவிலிருந்து ஒருவர்: அப்படியானால் பனி உருகுவது நல்லதுதானே? புது மண் கரியமில வாயுவை உறிஞ்சுமே.

உறிஞ்சும், ஆனால் அந்த நிலப்பரப்பு மிகச் சிறியது, வேகமும் குறைவு. நாம் எரிக்கும் கரியோடு ஒப்பிட்டால் கணக்கிலேயே வராது.

ஆறாம் வகுப்பு மாணவன், அம்மா வழியாக: செடியே இல்லாத இடத்துக்கு முதலில் வரும் விலங்கு எது?

தம்பி, நானும் புழு என்றுதான் நினைத்திருந்தேன். வடதுருவத்துக்குப் பக்கத்தில் ஸ்வால்பார்ட் தீவுகளில் பனி விலகிச் சில ஆண்டே ஆன நிலத்தில் பார்த்தபோது, செடிகளுக்கு முன்பே சிலந்திகள் வந்திருந்தன. இலை தின்பவை வந்தபிறகுதான் வேட்டையாடுபவை வரும் என்று எல்லோரும் நினைத்திருந்தது அங்கே தலைகீழாகிவிட்டது. அவை காற்று அடித்துக்கொண்டுவரும் சிறு பூச்சிகளைத் தின்கின்றன. எச்சமும் உடலும் சரளையில் விழுகின்றன. அதில் கொஞ்சம் தழைச்சத்து இருக்கிறது.