பேண்டில் இருந்தவர் வக்கீலாகலாம், அந்த பேண்டுக்கே ஆக முடியாது

கேள்வி: "அக்கா, எனக்கு 29 வயது. ஏழு வருடமாக நான்கு பேர் கொண்ட ஒரு இண்டி ராக் பேண்டில் கிடார் வாசிக்கிறேன். பாட்டுகளில் பாதிக்கு மேல் நான் எழுதியவை. இரண்டு ஆல்பம் வந்தாயிற்று, கேட்கிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் வாடகை கட்ட அது போதவில்லை. சட்டம் படித்து இசைத்துறை வக்கீலாகலாம் என்று நினைக்கிறேன். இந்த வயதில் சரிவருமா? பேண்ட் அனுபவத்துக்கு அங்கே மதிப்பு உண்டா? வாசிப்பதை விட்டுவிட வேண்டுமா? மற்ற மூன்று பேரும் 'நீ படிச்சுட்டு வா, நமக்கே சொந்தமா ஒரு வக்கீல் ஆச்சு' என்று குஷியாக இருக்கிறார்கள்."

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது அந்தக் கடைசி வரிதான், அதற்கு வருகிறேன். முதலில் சுலபமானதை முடித்துவிடலாம்.

வயது ஒரு பிரச்சினையே இல்லை. நான் ஒன்பது வருடம் பேஸ் கிடார் வாசித்துவிட்டு 31 வயதில் சட்ட வகுப்பில் போய் உட்கார்ந்தேன், முதல் நாள் உள்ளே நுழைந்ததும் நான்தான் ஆசிரியர் என்று நினைத்து ஒரு பையன் எழுந்து நின்றான், அவ்வளவுதான் அவமானம். பனாமா பாடகர் ரூபென் பிளேட்ஸ் ஏற்கெனவே சட்டம் படித்தவர், பாட்டில் பெயர் உச்சத்தில் இருந்த நேரத்தில் ஹார்வர்டுக்குப் போய் 1985இல் சட்டத்தில் முதுகலைப் பட்டம் வாங்கினார், அப்போது அவருக்கு முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. கையில் ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் இந்தியாவிலும் அமெரிக்காவிலும் மூன்று வருடப் படிப்பு, அப்புறம் தொழில் செய்யத் தகுதி தரும் பார் தேர்வு. இங்கிலாந்தில் 2021இலிருந்து சொலிசிட்டர் என்ற வகை வக்கீல் ஆவதற்கு ஒரு பொதுத் தேர்வும் இரண்டு வருட வேலை அனுபவமும் கேட்கிறார்கள். கலிபோர்னியா, வெர்மான்ட், வர்ஜீனியா, வாஷிங்டன் மாநிலங்களில் கல்லூரிக்கே போகாமல் ஒரு வக்கீலிடம் வருடக்கணக்கில் இருந்து படித்துத் தேர்வு எழுதும் வழியும் இருக்கிறது, கேட்க இனிப்பாக இருக்கும், ஆனால் அப்படித் தேறுகிறவர்கள் குறைவு. எந்த வழியில் போனாலும் ஒப்பந்தச் சட்டம், பதிப்புரிமை (காப்பிரைட்), வணிகச் சின்னம், கூட்டாண்மைச் சட்டம், இந்த நான்கையும் ஒழுங்காகப் படியுங்கள்.

சரி, பேண்ட் அனுபவம். இருக்கிறது மதிப்பு, ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. நாலு பேரைத் தெரியும், மேடைப் பயம் கிடையாது, இதெல்லாம் பெரிதாக உதவாது, ஏனென்றால் இந்த வேலையில் கோர்ட்டுக்குப் போவதே அபூர்வம். என் நாளில் முக்கால்வாசி, நாற்பது பக்க ஒப்பந்தத்தில் "நிகர வருமானம்" என்ற சொல்லுக்கு மூன்றாம் பக்கத்தில் ஒரு அர்த்தமும் பதினேழாம் பக்கத்தில் வேறு ஒரு அர்த்தமும் இருக்கிறதா என்று பார்ப்பதில் கழிகிறது. அங்கேதான் அனுபவம் கைகொடுக்கும். காசு எந்த இடத்தில் சிக்கி நிற்கும் என்று வாசித்தவருக்கு உடம்பிலேயே தெரியும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். லேபிள், அதாவது ரெக்கார்ட் கம்பெனி, உங்களுக்கு அட்வான்ஸ் 100 கொடுக்கிறது, வருமானத்தில் உங்கள் பங்கான ராயல்டி 20 சதவீதம். ஆல்பம் 100 சம்பாதித்ததும் கடன் அடைந்துவிட்டது என்றுதான் எல்லா பேண்டும் நினைக்கும். இல்லை. அட்வான்ஸ் கழிவது உங்கள் பங்கில் இருந்து மட்டும். ஆல்பம் 500 சம்பாதித்தால்தான் உங்கள் 20 சதவீதம் 100 ஆகும், அதுவரை உங்களுக்கு ஒரு காசு வராது, அதற்குள் லேபிள் கைக்கு 400 போயிருக்கும். ரெக்கார்டிங் செலவு, வீடியோ செலவு இதெல்லாம் அந்த 100க்கு மேல் ஏறிக்கொண்டே போகும். இரண்டாவது ஆல்பத்தின் கடனை முதல் ஆல்பத்தின் வருமானத்தில் கழிக்கலாம் என்று ஒரு ஷரத்து இருந்தால், முடிந்தது கதை. எங்கள் பேண்ட் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் அது இருந்தது. நாங்கள் நான்கு பேரும் படித்தது அட்வான்ஸ் தொகை இருந்த பக்கத்தை மட்டும்தான், அதையும் சத்தமாக. அந்த லேபிள் பெயர் இங்கே வேண்டாம்.

இன்னொன்று, ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது என்பது. மெட்டும் வரிகளும் ஒரு சொத்து, அதை ரெக்கார்ட் செய்த ஒலிப்பதிவு, மாஸ்டர் என்கிறோமே, அது தனிச் சொத்து. இரண்டுக்கும் முதலாளி வேறு வேறு ஆளாக இருக்கலாம். தி வெர்வ் என்ற இங்கிலாந்து பேண்ட் 1997இல் 'பிட்டர் ஸ்வீட் சிம்பொனி' வெளியிட்டபோது, ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டு ஒன்றின் வாத்தியக்குழுப் பதிவில் இருந்து ஒரு துண்டை எடுத்திருந்தார்கள். அந்தப் பதிவுக்கு அனுமதி வாங்கினார்கள். அடியில் இருந்த பாட்டுக்கான அனுமதி நேரத்துக்குள் முடியவில்லை. விளைவு, வரிகளை எழுதிய ரிச்சர்ட் ஆஷ்கிராஃப்டின் கையை விட்டு அந்தப் பாட்டின் எழுத்துரிமை மொத்தமாகப் போனது, ரோலிங் ஸ்டோன்ஸின் ஜாகரும் ரிச்சர்ட்ஸும் மனம் இரங்கி அதைத் திருப்பிக் கொடுத்தது 2019இல். இருபத்திரண்டு வருடம். இந்த வித்தியாசத்தைப் புத்தகத்தில் படித்த மாணவர் மறந்துபோகலாம், ஸ்டூடியோவில் இருந்தவர் மறக்க மாட்டார்.

சட்டப் பட்டம் இல்லாமலேயே இதில் சாதித்தவர் உண்டு. கேம்பர் வான் பீத்தோவன், கிராக்கர் பேண்டுகளின் டேவிட் லோவரி 2015 டிசம்பரில் ஸ்பாட்டிஃபை மேல் வழக்குப் போட்டார். பாட்டை ஒலிக்கவிடுகிறீர்கள், எழுதியவருக்கு உரிய மெக்கானிக்கல் உரிமம், அதாவது பாட்டைப் பிரதி எடுப்பதற்கான அனுமதி, வாங்கவில்லை என்பதுதான் வாதம். இன்னொரு பாடலாசிரியரின் வழக்கோடு சேர்ந்து 2017இல் 4.34 கோடி டாலர் சமரசத்தில் அது முடிந்தது, அடுத்த வருடமே அமெரிக்கா இதற்கென்று தனிச் சட்டம் கொண்டு வந்தது. வாதாடியது வக்கீல்கள்தான், ஆனால் காசு எங்கே ஒழுகுகிறது என்று விரல் நீட்டியது ஒரு கிடார் ஆள்.

அதே அனுபவம் ஒரு சுமையும் கூட, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். உங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் லேபிள், மேனேஜர், டிஸ்ட்ரிப்யூட்டர் பக்கமாகத்தான் இருப்பார்கள், பீஸ் ஒழுங்காகக் கொடுப்பதும் பெரும்பாலும் அவர்கள்தான். ஒரு லேபிளுக்காக நான் முதன்முதலாக எழுதிய ஒப்பந்தத்தில், எங்கள் கழுத்தை நெரித்த அதே ஷரத்தை என் கையாலேயே டைப் செய்தேன். அன்று சாயங்காலம் மனசு சரியில்லைதான். ஆனால் எழுதாமல் விட்டிருந்தால் நான் என் கட்சிக்காரருக்குத் துரோகம் செய்தவளாவேன். பாட்டுக்காரர்களுக்கு மட்டும்தான் நிற்பேன் என்று முடிவெடுக்கலாம், அப்படி நிற்கிற நல்ல வக்கீல்கள் இருக்கிறார்கள், ஆனால் முதல் சில வருடம் ஜூனியராக இருக்கும்போது அந்தத் தேர்வு உங்கள் கையில் இருக்காது.

இப்போது அந்தக் கடைசி வரி. உங்கள் பேண்டுக்கு நீங்கள் வக்கீலாக இருக்கவே முடியாது. இருக்கக் கூடாது என்று நாசூக்காகச் சொல்லிப் பார்த்தேன், பிறகு அழித்துவிட்டேன்.

ஏன் என்பதற்கு தி ஸ்மித்ஸ் என்ற இங்கிலாந்து பேண்டின் கதை போதும். மோரிசியும் ஜானி மாரும் பாட்டு எழுதினார்கள், ஆண்டி ரூர்க் பேஸ், மைக் ஜாய்ஸ் டிரம்ஸ். பாட்டு எழுதியதற்கான காசை விடுங்கள், அது எழுதியவர்களுக்கு, அதில் தகராறு இல்லை. ரெக்கார்டிங், கச்சேரி லாபத்தில் எழுதியவர்கள் ஆளுக்கு 40, மற்ற இருவருக்கும் ஆளுக்கு 10 என்று நடந்துகொண்டிருந்தது. எழுத்தில் எதுவும் இல்லை. ரூர்க் 83,000 பவுண்டும் தொடர்ந்து 10 சதவீதமும் போதும் என்று ஒதுங்கிக்கொண்டார். ஜாய்ஸ் கோர்ட்டுக்குப் போனார். 1996இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் அவருக்கு 25 சதவீதம் என்றது. காரணம் 1890ஆம் வருடத்துக் கூட்டாண்மைச் சட்டம், வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாவிட்டால் கூட்டாளிகளுக்குச் சம பங்கு. இந்தியாவின் 1932ஆம் வருடச் சட்டமும் இதையே சொல்கிறது.

நண்பர்கள் சேர்ந்து வாசித்து வருமானத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறீர்கள் என்றால், பேப்பரே இல்லாவிட்டாலும் சட்டத்தின் கண்ணுக்கு நீங்கள் ஒரு கூட்டாண்மையாகத் தெரிய நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதோடு இன்னொரு பக்கம், பாட்டில் பாதி உங்களுடையது. எது "எழுதியது", எது "வாசித்தது" என்ற கோடும் நேராக இருக்காது. ஸ்பாண்டௌ பேலே பேண்டின் உறுப்பினர்கள் மூவர் தங்கள் பாடலாசிரியரிடம் எழுத்துப் பங்கு கேட்டு 1999இல் தோற்றார்கள். ப்ரோகோல் ஹாரம் பேண்டின் 1967 பாட்டு ஒன்றில் ஆர்கன் வாசித்த மேத்யூ ஃபிஷர், அந்த ஆர்கன் பகுதிக்காக இசையுரிமையில் பங்கு கேட்டு, அப்போது இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போய் 2009இல் ஜெயித்தார், கிடைத்தது 40 சதவீதம். உங்கள் டிரம்மர் நாளைக்கு "அந்தப் பாட்டே என் பீட்டில்தானே ஆரம்பிக்கிறது" என்றால், நீங்கள் எதிர்க்கட்சி. எதிர்க்கட்சியே எப்படி அவருக்கு ஆலோசனை சொல்வது? இந்திய பார் கவுன்சில் விதியில், தனக்குப் பண லாபம் உள்ள விஷயத்தில் வக்கீல் ஆஜராகக் கூடாது என்று நேரடியாகவே இருக்கிறது. அமெரிக்க மாதிரி விதிகளிலும், கட்சிக்காரரோடு கொடுக்கல் வாங்கல் என்றால் நிபந்தனை நியாயமாக இருக்க வேண்டும், எழுத்தில் இருக்க வேண்டும், வேறு வக்கீலைப் பாருங்கள் என்று எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும், அவர் கையெழுத்தோடு சம்மதிக்க வேண்டும். நட்பாகப் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு இங்கே இடமே இல்லை.

வாசிப்பதை விட வேண்டுமா என்றால், டூர் போவதை விடுங்கள், ரெக்கார்டிங்கை விடாதீர்கள். தேர்வும் டூரும் ஒரே மாதத்தில்தான் வந்து நிற்கும், எப்போதும். இந்தியாவில் பதிவு செய்யப்போகிறீர்கள் என்றால் ஒரு விஷயம்: வக்கீலாக இருப்பவர் நேரடியாக வேறு தொழில் நடத்த பார் கவுன்சில் தடை உண்டு, முழுநேரச் சம்பள வேலையில் இருந்துகொண்டு வக்கீல் தொழில் செய்யவும் முடியாது. பேண்ட் வருமானம் எதில் சேரும் என்று பதிவுக்கு முன்னாலேயே பார் கவுன்சிலிடம் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

ஆனால் விண்ணப்பம் போடுவதற்கும் முன்னால், இப்போது எல்லோரும் குஷியாக இருக்கும்போதே, உங்கள் பேண்ட் பேப்பரை முடியுங்கள். நீங்கள் நாளைக்கு வக்கீலாகி வந்தபிறகு அதே பேப்பரை நீட்டினால், அது எவ்வளவு நியாயமாக இருந்தாலும் அவர்கள் உங்களைப் பார்க்கும் பார்வை மாறிவிடும். ஒவ்வொரு பாட்டுக்கும் யார் எத்தனை சதவீதம் எழுதினார்கள் என்று ஒரு தாள், நான்கு கையெழுத்து, தேதி. மாஸ்டர்கள் யாருடையவை, ஒருவர் விலகினால் பழைய ரெக்கார்டிங்கில் அவர் பங்கு தொடருமா, ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டால் எல்லோரையும் கட்டுமா, ஆம்ப்பும் மிக்ஸரும் யார் காசு. வரைவை நீங்களே எழுதுங்கள், நல்ல பயிற்சி, ஆனால் கையெழுத்துக்கு முன் நான்கு பேருக்கும் சம்பந்தமில்லாத ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். மற்ற மூன்று பேரும் தனியாக ஒரு வக்கீலைப் பார்க்கிறோம் என்றால் முகம் சுளிக்காதீர்கள்.

பேண்ட் பெயர் யாருக்கு என்ற வரியைக் கட்டாயம் போடுங்கள். எங்கள் நான்கு பேரில் அதை யாரும் யோசிக்கவில்லை. பிரிந்து இரண்டு வருடம் கழித்து எங்கள் டிரம்மர் வேறு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு அதே பெயரில் வாசிக்க ஆரம்பித்தார், இப்போதும் வாசிக்கிறார், என் பாட்டுகள் உட்பட. அந்தக் கச்சேரிகளுக்கான ராயல்டி மட்டும் எனக்கு ஒழுங்காக வருகிறது, ஏனென்றால் பாட்டுகளை என் பெயரில் பதிவு செய்திருந்தேன்.