இணைப்பை ஆசிரியர் போட்ட மோதிரம் உங்கள் மோதிரமா?

கேள்வி: எட்டு மாதமாக மாலை நேர நகை வகுப்புக்குப் போகிறேன். வகுப்பு நாட்களில் மனைவிதான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். அறுப்பது, அரம் போடுவது, மெருகேற்றுவது எல்லாம் நன்றாக வருகிறது. நெருப்பில் சுட்டு இணைப்பைப் பற்றவைக்கும்போது மட்டும் கை நடுங்கும் என்பதால் ஆசிரியரே செய்து கொடுத்துவிடுவார். என் வெள்ளி மோதிரங்களைப் பார்த்த எல்லாரும் பாராட்டுகிறார்கள். வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாக்க ஆசை. மகளின் மேற்படிப்புக்குச் சேர்த்ததில் பாதியை எடுத்தால் போதும். மனைவி சம்மதிக்கவில்லை. அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: அவருக்குப் புரியவைக்க எதுவும் இல்லை. புரிந்துகொள்ள வேண்டியவர் நீங்கள்தான்.

பற்றவைப்பதை ஆசிரியர் செய்து கொடுக்கிறார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். மோதிரம் என்பது என்ன? வளைத்த ஒரு பட்டை, அதன் இரு முனையையும் சேர்க்கும் ஓர் இணைப்பு. அந்த இணைப்பைத்தான் நீங்கள் போடுவதில்லை. தோட்டின் தண்டு, சங்கிலியின் கண்ணி, கல் உட்காரும் கிண்ணம் எல்லாமே நெருப்பில் முடிகிற வேலைகள். மோதிரம் இறுக்கமாக இருக்கிறது, பெரிதாக்கிக் கொடுங்கள் என்று ஒருவர் வந்து நின்றால், அறுத்து, துண்டு வைத்து, மறுபடி பற்றவைக்க வேண்டும். அன்றைக்கு ஆசிரியரைத் தேடி ஓடுவீர்களா? எட்டு மாதம் உங்களுக்காகத் தீ கக்கும் டார்ச்சைப் பிடித்தவர் மீதும் எனக்குக் கோபம்தான். மாணவரின் பயத்துக்கு அவர் துணைபோயிருக்கிறார்.

கை நடுங்குவதற்குப் பெரும்பாலும் காரணம், வெள்ளி எந்த நொடியில் உருகிவிடுமோ என்ற பயம். பயம் நியாயமானதே. 925 வெள்ளி, அதாவது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளியுள்ள நகை வெள்ளி, 800 டிகிரி செல்சியசை ஒட்டி இளகத் தொடங்கும். இணைப்பில் உருகி ஓடி ஒட்டவைக்கும் உலோகக் கலவைதான் பற்றாசு. அதில் கடினத் தரமானது ஓடுவதோ 750-ஐ ஒட்டி. நடுவில் அதிக இடமில்லை. ஆகவே வெள்ளியை ஒதுக்கி வைத்துவிட்டுச் செம்பில் தொடங்குங்கள். செம்பு உருக 1085 டிகிரி வேண்டும். அதே வெள்ளிப் பற்றாசைச் செம்பில் ஓடவிட்டால், பிசகு செய்து பழக 300 டிகிரிக்கு மேல் இடம் கிடைக்கும்.

1.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்புப் பட்டை எடுங்கள். உள்விட்டம் 17 மில்லிமீட்டர் வேண்டுமென்றால், தடிமனையும் கூட்டி 18.5-ஐ 3.14-ஆல் பெருக்குங்கள், 58 மில்லிமீட்டர் நீளம் வரும். வளைத்து முனைகளைச் சேர்த்தபின், சேர்ந்த இடத்திலேயே ரம்பத்தை ஒருமுறை விட்டு அறுத்தால் இரு முகமும் ஒன்றுக்கொன்று இணையாகிவிடும். மறுபடி நெருக்கி, விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தெரிந்தால் பற்றவைக்காதீர்கள். பற்றாசு இடைவெளியை நிரப்பாது. நெருக்கமான சந்துக்குள்தான் ஊர்ந்து போகும். உடைந்து திரும்பி வரும் மோதிரங்களில் பல இந்த இடத்தில்தான் கெட்டவை.

உப்புத்தாளால் தேய்த்தபின் அந்த இடத்தை விரலால் தொடாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பற்றாசு ஒட்டாது. பற்றாசு ஓட உதவும் வெண்காரத்தைத் தடவி, 1 மில்லிமீட்டர் சதுரத்தில் வெட்டிய இரண்டு பற்றாசுத் துண்டுகளை, ஈரத் தூரிகையின் நுனியால் எடுத்து இணைப்பின் உட்புறம் வையுங்கள். முழங்கை மேசை விளிம்பில் ஊன்றியிருக்கட்டும், பாதி நடுக்கம் அங்கேயே போய்விடும். முதலில் தீயைத் தள்ளியே பிடியுங்கள். அவசரப்பட்டால் வெண்காரம் பொங்கித் துண்டைத் தள்ளிவிடும். அது அடங்கிக் கண்ணாடிபோல் தெளிந்த பிறகு நெருங்குங்கள்.

பற்றாசைச் சுடாதீர்கள், மோதிரம் முழுவதையும் சுடுங்கள். சூடு அதிகமுள்ள பக்கத்துக்கே பற்றாசு ஓடும். ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால் அந்தப் பக்கத்தில் ஏறி நிற்கும். உருண்டையாகத் திரண்டால், உலோகம் காய்வதற்குள் பற்றாசைச் சுட்டிருக்கிறீர்கள், அல்லது அழுக்கு இருக்கிறது. சரியாக ஓடும்போது இணைப்பு நெடுக ஒரு பளபளப்புக் கோடு ஓடும். அந்தக் கணமே தீயை எடுங்கள். மேலும் சுட்டால் பற்றாசிலுள்ள துத்தநாகம் ஆவியாகி இணைப்பில் பொத்தல் விழும். தண்ணீரில் ஆறவைத்தபின், சுட்ட கறையை நீக்க அமிலக் கரைசலில் போடும்போது இரும்புச் சாமணம் கூடாது. இரும்பு பட்டால் கரைசலிலுள்ள செம்பு வெள்ளி நகையின் மேல் படியும். காட்மியம் கலந்த பற்றாசு மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் புகை நுரையீரலைக் கெடுக்கும்.

இப்படி இருபது செம்பு மோதிரம் செய்யுங்கள். ஒவ்வொன்றையும் கூம்புக் கம்பியில் மாட்டி, ஒரு அளவு பெரிதாகும்வரை சுத்தியலால் தட்டுங்கள். இணைப்பு விரியக் கூடாது. இருபதும் தாங்கிய பிறகு வெள்ளிக்கு வாருங்கள். அதிலும் ஆசிரியர் டார்ச்சைத் தொடக் கூடாது.

மகளின் பணத்துக்கு வருகிறேன். பிள்ளையின் படிப்புக்கென்று எடுத்து வைத்தது அப்பாவின் தொழிலுக்கு முதலாகாது. நீங்கள் கைதேர்ந்தவராக இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். வகுப்பு நாட்களில் வீட்டைச் சுமக்கிற மனைவி சம்மதிக்காதபோதும் அதில் பாதி போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்களே, அந்தக் கணக்குக்காக அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். வேலையில் இருந்துகொண்டே மாலைகளில் செய்து விற்றுப் பாருங்கள். அடுத்த பொருளுக்கான வெள்ளியை, விற்ற பொருளின் பணத்திலிருந்தே வாங்குங்கள். வகுப்பில்லாத மாலைகளில் வீட்டு வேலை உங்களுடையது.