வாசகர் கேள்வி–பதில்: ஐம்பது சதவீதச் சுங்கம் யார் தலையில்?

இறக்குமதி வரி குறித்த கேள்விகளை அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பழைய வட ஆற்காடு முழுவதிலிருந்தும் கடிதங்கள் வந்தன. இவற்றுக்கு விடை எழுதி முடிக்கும் இந்த 2025 நவம்பர் கடைசி வாரத்தில், இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா போட்ட 50 சதவீத வரி செல்லுமா என்ற வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு இன்னும் வெளிவரவில்லை.

ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஓவர்டைம் நின்றுவிட்டது. அமெரிக்கா வரி போட்டதுதான் காரணம் என்கிறார் சூப்பர்வைசர். அந்த வரியை அங்கே வாங்குகிறவர்தானே கட்டுகிறார்? எங்கள் வருமானம் ஏன் குறைய வேண்டும், ஐயா?
*(வாசகி, ஆம்பூர்)*

அம்மா, நீங்கள் நினைப்பது சரிதான். இறக்குமதி வரியை இந்தியாவும் கட்டுவதில்லை, ஆம்பூர் கம்பெனியும் கட்டுவதில்லை. சரக்கு அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கும்போது அதைத் தன் பெயரில் எடுக்கும் அந்நாட்டு இறக்குமதியாளர்தான் சுங்கத் துறைக்குப் பணம் செலுத்துகிறார். ஆனால் வரியைக் கட்டுகிறவர் ஒருவராகவும் அதன் சுமையைத் தாங்குகிறவர் இன்னொருவராகவும் இருக்க முடியும்.

ஒரு ஜோடி ஷூவை எடுத்துக்கொள்வோம். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறும்போது அதன் விலை 20 டாலர் என்று வையுங்கள். அமெரிக்கா கப்பல் கூலியைச் சேர்க்காமல் இந்தப் புறப்பாட்டு விலையின் மேல்தான் வரி கணக்கிடுகிறது. தோல் ஷூ வகைகள் பலவற்றுக்கு அங்கே முன்பே 8.5 அல்லது 10 சதவீத வரி உண்டு. அதன்மேல் 2025 ஆகஸ்ட் 7 முதல் 25 சதவீதமும், ரஷ்ய எண்ணெயை இந்தியா வாங்குகிறது என்று காரணம் காட்டி ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25 சதவீதமும் சேர்ந்தன. ஆக, 2 டாலராக இருந்த வரி 12 டாலராகிவிட்டது. இந்தக் கூடுதல் 10 டாலரை மூன்று பேர்தான் தாங்க முடியும்: கடையில் வாங்கும் அமெரிக்கர், அவருக்கு விற்கும் நிறுவனம், ஷூவைச் செய்து அனுப்பிய நம் ஊர்க் கம்பெனி.

2018, 2019 ஆண்டுகளில் முக்கியமாகச் சீனச் சரக்கின்மேல் போடப்பட்ட வரிகளை ஆராய்ந்த அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள், அந்தச் சுமை ஏறக்குறைய முழுவதும் அமெரிக்க இறக்குமதியாளர்கள்மீதும் நுகர்வோர்மீதும்தான் விழுந்தது என்று கண்டார்கள். அப்படியிருக்க நம்மை மட்டும் ஏன் இவ்வளவு வாட்டுகிறது என்றால், இம்முறை நாட்டுக்கு நாடு வரி வேறு. வியட்நாமுக்கும் வங்கதேசத்துக்கும் 20, பாகிஸ்தானுக்கும் கம்போடியாவுக்கும் 19, நமக்கு 50. எல்லோருக்கும் 50 என்றிருந்தால் நம்மிடம் வாங்கும் பயருக்குப் போக வேறு இடம் இருந்திருக்காது, விலையை ஏற்றித்தான் விற்றிருப்பார். இப்போதோ 'வியட்நாமில் ஆர்டர் கொடுக்கட்டுமா, அல்லது ஜோடிக்கு 2 டாலர் குறைக்கிறீர்களா?' என்று அவரால் கேட்க முடிகிறது. நம்மை அழுத்துவது அந்த 50 அல்ல, இரண்டுக்கும் இடையிலுள்ள 30.

இரண்டு டாலர் என்பது ஏறத்தாழ 175 ரூபாய். தோல், சோல், பசை, நூல், மின்சாரம் ஆகியவற்றின் விலையைக் கம்பெனி தன் இஷ்டத்துக்குக் குறைக்க முடியாது. அது கை வைக்கக்கூடியவை லாபமும் கூலியும்தான். லாபம் மெலிந்தவுடன் முதலில் வெட்டப்படுவது ஓவர்டைம். யாரால் வேறு இடம் தேடிப் போக முடியவில்லையோ அவர்மீதுதான் வரியின் சுமை வந்து நிற்கும். பயர் நாடு மாறலாம், முதலாளி ஐரோப்பிய ஆர்டருக்கு அலையலாம்; காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறி மாலையில் பேரணாம்பட்டுக்கோ மாதனூருக்கோ திரும்பும் பெண்ணுக்கு அந்த வசதி இல்லை. இதை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது. வாஷிங்டனில் போட்ட கையெழுத்துக்கு வாக்களிக்கவும் வழியின்றி, எதிர்த்து வழக்குப் போடவும் இடமின்றி அதன் பலனை அனுபவிப்பவர் நீங்கள்.

ஒரு குடியரசுத் தலைவர் தனி ஆளாக இப்படி வரி போட அமெரிக்கச் சட்டம் இடம் தருகிறதா?
*(சட்ட மாணவர், வேலூர்)*

வழக்கின் மையமே இதுதான். அமெரிக்க அரசியலமைப்பின் முதல் கூறு, எட்டாம் பிரிவு, வரியும் சுங்கமும் விதிக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றமாகிய காங்கிரஸுக்குத் தருகிறது. அதிபருக்கு உள்ளதெல்லாம் காங்கிரஸ் சட்டம் இயற்றிக் கொடுத்த அதிகாரம் மட்டுமே. அதிபர் டிரம்ப் கையில் எடுத்தது 1977-ஆம் ஆண்டின் சர்வதேச அவசரகாலப் பொருளாதார அதிகாரச் சட்டம். வெளிநாட்டிலிருந்து அசாதாரணமான அச்சுறுத்தல் வந்து, அவசரநிலையும் அறிவிக்கப்பட்டால், இறக்குமதியை 'ஒழுங்குபடுத்த' அச்சட்டம் அவருக்கு அதிகாரம் தருகிறது. வரி என்ற சொல்லோ சுங்கம் என்ற சொல்லோ அந்த அதிகாரப் பட்டியலில் எங்கும் இல்லை.

இறக்குமதியை அடியோடு தடுக்கவே அதிகாரம் இருக்கும்போது, அதைவிடச் சிறியதான வரியை விதிக்க அதிகாரம் இல்லாமல் போகுமா என்பது அரசுத் தரப்பின் வாதம். அவர்கள் காட்டும் முன்னுதாரணமும் வலுவற்றதல்ல: 1971 ஆகஸ்டில் அதிபர் நிக்சன் ஏற்கெனவே வரி உள்ள இறக்குமதிகளுக்கு 10 சதவீதக் கூடுதல் வரி போட்டார், இதே சொற்கள் கொண்ட பழைய சட்டத்தின் கீழ் அது செல்லும் என்று 1975-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. எதிர்த்தரப்பு சொல்வது வேறு: காங்கிரஸ் சுங்க அதிகாரத்தை அதிபருக்குக் கொடுக்க நினைத்தபோதெல்லாம் சொல்லித்தான் கொடுத்திருக்கிறது, எல்லை கட்டித்தான் கொடுத்திருக்கிறது. 1974-ஆம் ஆண்டு வர்த்தகச் சட்டத்தின் 122-ஆம் பிரிவு, அயல்நாட்டுச் செலுத்துநிலை (நாட்டுக்குள் வரும் பணத்துக்கும் வெளியே போகும் பணத்துக்கும் உள்ள கணக்கு) நெருக்கடியில் அதிகபட்சம் 15 சதவீதம், அதுவும் 150 நாள் என்கிறது. அப்படி அளந்து கொடுத்த அதே காங்கிரஸ், மூன்றே ஆண்டுகளில், அளவும் காலவரம்பும் இல்லாத அதிகாரத்தை 'ஒழுங்குபடுத்த' என்ற ஒரு சொல்லுக்குள் மறைத்து வைத்திருக்குமா?

எனக்கு இரண்டாவது வாதமே நியாயமாகப் படுகிறது. தடை என்பது வாணிகத்தை நிறுத்துவது. வரி என்பது வாணிகத்தை நடக்கவிட்டு மக்களிடம் பணம் வாங்குவது. ஒன்று இன்னொன்றின் சிறிய வடிவம் ஆகாது. கீழ் நீதிமன்றங்களும் இதுவரை அந்தப் பக்கமே நின்றிருக்கின்றன: மே 28-இல் சர்வதேச வர்த்தக நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் ஒருமனதாகவும், ஆகஸ்ட் 29-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 7-க்கு 4 என்றும் இந்த வரிகள் செல்லாது என்றார்கள். உச்ச நீதிமன்றம் நவம்பர் 5-இல் வாதங்களைக் கேட்டது. வழக்குத் தொடுத்தவர்களில் ஒருவர் நியூயார்க்கில் ஒயின் இறக்குமதி செய்யும் சிறு வியாபாரி, இன்னொருவர் குழந்தைகளுக்கான கல்விப் பொம்மைகள் விற்கும் நிறுவனத்தார். எஃகுக்கும் அலுமினியத்துக்கும் விதிக்கப்பட்ட வரிகள் 1962-ஆம் ஆண்டின் வேறொரு சட்டத்தின் கீழ் வந்தவை. இந்த வழக்கின் முடிவு எதுவானாலும் அவை நிற்கும்.

நம் அரசும் ஓர் இரவில் இப்படிச் செய்யலாமா?
*(ஓய்வுபெற்ற ஆசிரியர், குடியாத்தம்)*

சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்கிறது நம் அரசியலமைப்பின் 265-ஆம் பிரிவு. சுங்க வரி வீதங்கள் 1975-ஆம் ஆண்டுச் சுங்கத் தீர்வைச் சட்டத்தின் அட்டவணையில் உள்ளன. பொதுநலன் கருதி அவற்றிலிருந்து விலக்கு அளித்துக் குறைக்க, 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அவசரத்தில் உயர்த்தவும் தீர்வைச் சட்டத்தில் 8ஏ என்ற பிரிவு உண்டு, ஆனால் அந்த அறிவிக்கையை நாடாளுமன்றத்தின் முன் வைத்து ஒப்புதல் பெற வேண்டும்.

அது ஒருமுறை பயன்பட்ட விதத்தைச் சொல்கிறேன். புல்வாமா தாக்குதலுக்கு இரண்டு நாள் கழித்து, 2019 பிப்ரவரி 16 அன்று, பாகிஸ்தானிலிருந்து வரும் எல்லாச் சரக்குக்கும் 200 சதவீத வரி விதிக்கப்பட்டது. அறிவிக்கை அரசிதழின் மின்பதிப்பில் ஏறிய நேரம் இரவு 8 மணி 46 நிமிடம் 58 விநாடி. அட்டாரி எல்லையில் அன்று பகலிலேயே பேரீச்சங்காய் முதலியவற்றைக் கொண்டுவந்து, பழைய வீதப்படி ஆவணம் தாக்கல் செய்திருந்த வியாபாரிகளிடமும் புதிய வரி கேட்கப்பட்டது. 'தேதி ஒன்றுதானே' என்றது அரசு. சத்தா அரிசி ஆலை வழக்கு என்று பெயர்பெற்ற அந்த வழக்கில் 2020 செப்டம்பர் 23-இல் நம் உச்ச நீதிமன்றம், அறிவிக்கை வெளியான அந்த நொடியிலிருந்துதான் அது சட்டம், அதற்கு முன் தாக்கலானவற்றை அது தொடாது என்று தீர்ப்பளித்தது. வரி எவ்வளவு உயர்ந்தது என்பதில் நீதிமன்றம் தலையிடவில்லை. முன்கூட்டித் தெரியாத ஒன்றுக்குக் குடிமகனைப் பொறுப்பாக்க முடியாது என்பதே அதன் உட்பொருள். அந்தப் பாதுகாப்பைத்தான் நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

கச்சாப் பட்டுக்கு இறக்குமதி வரியை எடுத்துவிட்டால் எங்களுக்கு நூல் மலிவாகக் கிடைக்கும். அரசு ஏன் தயங்குகிறது?
*(பட்டு நெசவாளர், ஆரணி)*

பாவுக்கு நூல் எடுக்கப் போகும்போதெல்லாம் விலையைக் கேட்டுத் திகைக்கும் உங்கள் நிலை புரிகிறது. 2021 பட்ஜெட்டில் கச்சாப் பட்டின் வரி 10 சதவீதத்திலிருந்து 15 ஆக உயர்த்தப்பட்டது. உங்களுக்குக் கச்சாப்பொருளாக இருப்பது மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்க்கும் விவசாயிக்கு விளைபொருள். சீனப் பட்டு தடையின்றி வந்தால் பட்டுக்கூட்டுக்கு விலை விழும். வராவிட்டால் உங்கள் தறியில் ஊடை ஓடாது. இருவரும் ஏழைகள், இருவரும் நம்மவர்கள்.

ஆனாலும் இதற்கு ஒரு விடை உண்டு என்றே நினைக்கிறேன். வரியால் வருகிற பணம் கருவூலத்துக்குப் போகிறது, விவசாயிக்குப் போவதில்லை. அவருக்குக் கிடைப்பது விலை உயர்வு மட்டும், அதற்கான செலவு நெசவாளர் கையிலிருந்து போகிறது. விவசாயியைக் காப்பது நாட்டின் கடமை என்றால் அந்தச் செலவை நாடு முழுவதும் ஏற்க வேண்டும். கூட்டுக்கு நேரடி ஆதரவு விலை தந்துவிட்டு நூலின் வரியைக் குறைப்பதே முறை. பருத்தியில் இதன் பாதி நடந்தது: ஏற்றுமதியாளர்களுக்கு உதவ 11 சதவீத இறக்குமதி வரியை 2025 ஆகஸ்ட் 19 முதல் நீக்கி, பின்பு டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள். பருத்தி விவசாயிகளின் எதிர்ப்பும் நியாயமானதே.

மல்லாட்டை (நிலக்கடலை) விலை பாமாயிலால்தான் விழுகிறதா?
*(விவசாயி, போளூர்)*

ஓரளவுக்கு. நாட்டின் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. 2024 செப்டம்பரில் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களின் அடிப்படை வரியைப் பூஜ்யத்திலிருந்து 20 சதவீதமாக்கி, 2025 மே கடைசியில் 10 ஆகக் குறைத்தார்கள். எட்டு மாதத்துக்கொரு வீதம் என்றால் விதைக்கும்போது இருந்த கணக்கு பறிக்கும்போது இருக்காது. எனக்குக் குறை அந்த ஏற்றஇறக்கத்தில்தான்.

நீங்கள் எழுதுவதைப் பார்த்தால் சுங்க வரியே கூடாது என்பதுபோல இருக்கிறது. எங்கள் தொழில் வரியால் வளர்ந்ததல்லவா?
*(தோல் பதனிடுபவர், வாணியம்பாடி)*

அப்படி நான் சொல்லவில்லை. இளம் தொழிலை வரிவேலி கட்டிக் காக்க வேண்டும் என்று 1791-லேயே வாதாடியவர் அமெரிக்காவின் முதல் நிதியமைச்சர் ஹாமில்டன். நம் தோல் தொழிலுக்கும் அப்படி ஒரு வரலாறு உண்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து: 1919-இல் கச்சாத் தோல் ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி வந்தது, ஆனால் பிரிட்டிஷ் பேரரசுக்குள் பதனிடப்படும் தோலுக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கைத் திருப்பிக் கொடுத்தார்கள். நம் ஆவாரம்பட்டைத் தொட்டிகளுக்கு வேலி கட்டிவிட்டு லண்டன் பக்கம் திட்டிவாசலைத் திறந்து வைத்தது போலாயிற்று. 1970-களில் கச்சாத் தோல் ஏற்றுமதியையே நிறுத்திய பிறகுதான் அப்பரும் ஷூவும் இங்கே பெருகின. 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் வெட் ப்ளூ எனப்படும், குரோமியத்தில் பாதி பதனிட்ட தோலுக்கு இறக்குமதி வரி முற்றிலும் நீங்கியது. உள்ளூர்த் தோல் போதாத இன்றைய நிலையில் அது சரியான முடிவு.

வேலி காலத்துக்கேற்ப மாறலாம். ஆனால் மாற்றம் நாடாளுமன்றத்தின் வழியாக, காரணம் சொல்லி, அவகாசம் கொடுத்து வர வேண்டும். பதப்படுத்திய தோல் ஷூவாகிக் கப்பலேற மாதங்கள் ஆகின்றன, கையெழுத்துக்கோ ஒரு நிமிடம் போதும்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரியைத் தள்ளுபடி செய்தால், நாங்கள் கொடுத்த டிஸ்கவுன்ட் எங்களுக்குத் திரும்புமா?
*(சிறு ஏற்றுமதியாளர், ராணிப்பேட்டை)*

தானாகத் திரும்பாது. வரிப்பணம் திருப்பித் தரப்பட்டால், அது சுங்கத் துறையில் யார் பெயரில் கட்டப்பட்டதோ அந்த இறக்குமதியாளருக்கே போகும். நீங்கள் கொடுத்த 2 டாலர், சட்டத்தின் கண்ணில் வரியே அல்ல, விலைக் குறைப்பு. ஆகவே இனிக் கொடுக்கும் ஒவ்வொரு தள்ளுபடிக்கும், இது இன்ன வரியின் பொருட்டு இன்ன ஆர்டருக்குத் தரப்படுகிறது, அந்த வரி திரும்பக் கிடைத்தால் இத்தனை பங்கை எங்களுக்குத் தர வேண்டும் என்று பயரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முன்பே கொடுத்தவற்றுக்கு, வரி காரணமாகக் குறைக்கும்படி அவர் கேட்ட மின்னஞ்சல்களை இன்வாய்ஸோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். அப்படிப் பணம் வந்தால், நிறுத்திய ஓவர்டைமை முதலில் திரும்பக் கொடுங்கள் ஐயா.