சாணைக்கல்லும் இன்வெர்ட்டரும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: லோட் ஷெட்டிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தும்) காலத்தில் வாங்கிய இன்வெர்ட்டர் நின்றுவிட்டது. புதியதில் ‘சிலிக்கன் கார்பைடு’ இருப்பதாகச் சொல்லிக் கடைக்காரர் 5,000 ரேண்ட் கூடுதலாகக் கேட்கிறார். என் அப்பா கரும்புக் கத்தி தீட்டிய கல்லும் அதே பொருள்தான் என்கிறான் பேரன். கேலி செய்கிறானா, ஐயா?
– வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: பேரன் சொன்னது சரிதான், அம்மா. அமெரிக்காவில் எட்வர்டு அச்சிசன் 1891இல் களிமண்ணையும் கரித்தூளையும் கலந்து மின்சாரத்தால் பழுக்கக் காய்ச்சியபோது கிடைத்த பொருள் அது. சாணைக்கல்லுக்கும் உப்புத்தாளுக்கும் போயிற்று. 1907இல் ஹென்ரி ரவுண்டு என்ற பிரிட்டிஷ் பொறியாளர் அந்தப் படிகத்தில் மின்சாரம் பாய்ச்சி, அது ஒளிர்வதைக் கண்டார். எல்.இ.டி. விளக்கின் பூட்டன் அதுதான்.

கல்லில் அழுக்கு இருந்தாலும் கத்தி கூராகும். மின்சாரத்தை ஆளும் சில்லில் அது ஆகாது. சாதாரண சிலிக்கனை 1414 டிகிரியில் உருக்கி, அதில் விதைப்படிகத்தை, அதாவது வளர்ச்சியைத் தொடங்கிவைக்கும் சிறு படிகத்தை, தோய்த்து மெல்ல மேலே இழுத்து வளர்க்கிறார்கள். கார்பைடோ சாதாரண அழுத்தத்தில் உருகவே உருகாது. 2000 டிகிரிக்கு மேல் ஆவியாக்கி, அந்த ஆவியைப் படிய வைக்க வேண்டும். மணிக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். வளர்ந்ததை அறுக்க வைரம் வேண்டும். விலை ஏறாமல் என்ன செய்யும்?

பலனும் உண்டு. சிலிக்கனைவிட ஏறக்குறைய பத்து மடங்கு மின்புலத்தைத் தாங்கும். அதே வோல்டேஜுக்கு மிக மெல்லிய அடுக்கே போதும் என்பதால் தடை குறைகிறது, சூடும் குறைகிறது. ஆனால் உங்கள் பேட்டரி 48 வோல்ட் என்றால் அந்தப் பக்கத்துக்குச் சிலிக்கனே தாராளம். சோலார் தகடுகளிலிருந்து நானூறு வோல்ட் வந்து இறங்கும் பக்கத்தில்தான் கார்பைடின் சாமர்த்தியம் தெரியும். அது எந்தப் பக்கம் இருக்கிறது, டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடுவது) மட்டுமா, டிரான்சிஸ்டருமா (மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சு) என்று கடைக்காரரைக் கேளுங்கள். விழித்தால் 5,000 ரேண்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. டர்பனில் என் மேசைக்கு வரும் இன்வெர்ட்டர்களில் நான் அடிக்கடி காண்பது தூசி அடைத்த காற்றாடி, கடல் உப்புக்காற்றில் பச்சை பூத்த செம்பு, இரண்டு முனைகளுக்கு நடுவே கருகிக் கிடக்கும் பல்லி. பல்லிக்குச் சிலிக்கனும் ஒன்றுதான், கார்பைடும் ஒன்றுதான். பழையதை வீசுமுன் பழுதுபார்ப்பவரிடம் ஒருமுறை காட்டுங்கள். பேரனை மூடியைத் திறக்க விடாதீர்கள். இணைப்பைத் துண்டித்த பிறகும் மின்தேக்கிகளில் மின்சாரம் நிற்கும்.

கேள்வி: மகள் வாங்கித் தந்த லேப்டாப் சார்ஜர் உள்ளங்கைக்குள் அடங்குகிறது. இவ்வளவு சிறியதை நம்பலாமா?
– வாசகர், பீனிக்ஸ், டர்பன்

பதில்: அநேகமாக அதில் காலியம் நைட்ரைடு என்ற குறைக்கடத்தி இருக்கும். அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய விஞ்ஞானிகள் மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு வாங்கித் தந்த நீல எல்.இ.டி.யின் மூலப்பொருள் அது. அதில் செய்த டிரான்சிஸ்டர் மிக வேகமாகத் திறந்து மூடுவதால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரைச் சிறிதாக்க முடிகிறது. நல்ல தயாரிப்பு என்றால் தாராளமாக நம்பலாம். மெத்தைமேல் வைத்து மட்டும் சார்ஜ் போடாதீர்கள். சிறிய பெட்டிக்குச் சூட்டை வெளியே விட இடம் குறைவு.